நான்கு கண்டங்களில் வளர்ந்தும் அருகிப்போன நீர்ச்சக்கரச் செடி

அருகிவிட்ட தாவரம் என்றதும் ஏதோ ஒரு மலைச்சரிவிலோ தனித்தீவிலோ மட்டும் மிஞ்சியிருக்கும் செடியைத்தான் பெரும்பாலும் நினைத்துக்கொள்கிறோம். வாழிடம் ஒன்றே ஒன்று, அதுவும் சிறியது, எனவே ஆபத்து என்ற கணக்கு எல்லோருக்கும் எளிதில் புரிந்துவிடுகிறது. நான் இங்கே எழுத விரும்பும் செடிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. ஆல்ட்ரோவாண்டா வெசிகுலோசா என்ற அறிவியல் பெயரும் நீர்ச்சக்கரச் செடி என்ற பொதுப்பெயரும் கொண்ட இந்த நீர்த்தாவரம் ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு கண்டங்களிலும் இயல்பாக வளர்வது. போலந்தின் ஏரிகளிலும், ஆப்பிரிக்காவின் ஒக்கவாங்கோ சதுப்பிலும், ஆஸ்திரேலியாவின் வெப்பமண்டல வடபகுதியிலும், வங்காளத்து நீர்நிலைகளிலும் தாவரவியலாளர்கள் இதைச் சேகரித்திருக்கிறார்கள். பூக்கும் தாவரங்களில் இவ்வளவு பரந்த எல்லையைக் கொண்டவை குறைவு. அப்படியிருந்தும், 2012 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். இதைத் தன் செம்பட்டியலில் ‘அருகிய இனம்’ என்ற வகையில் வைத்தது.

வரைபடத்தில் உலகத்தின் பாதியில் புள்ளி வைக்கத்தக்க ஒரு செடி எப்படி அருகியதாக ஆகும் என்ற கேள்வி எனக்குப் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. அதற்கான பதில், ஈரநிலங்களைக் காப்பாற்றிவிட்டோம் என்று நாம் எதை வைத்துச் சொல்லிக்கொள்கிறோம் என்பதையே கேள்விக்குள்ளாக்குகிறது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் செடியைப் பார்த்துவிடுவோம். ஐரோப்பாவில் ஒரு தாவரவியல் தோட்டத்தின் பசுமைக்குடிலில், கோரையும் சருகும் ஊறிக் கிடந்த ஒரு தொட்டியில் இதை அருகிலிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு விரல் நீளத்தில், பச்சை நிறத்தில் கிடைமட்டமாக மிதந்துகொண்டிருந்தது. வேரே கிடையாது. நடுவில் மெல்லிய தண்டு; அதைச் சுற்றி அடுக்கடுக்காக இலை வட்டங்கள்; வட்டத்துக்கு ஐந்து முதல் ஒன்பது இலைகள். தூரத்திலிருந்து பார்த்தால் பாட்டில் கழுவும் பிரஷைத் தண்ணீரில் போட்டதுபோல்தான் தெரியும். லென்ஸை வைத்துக் குனிந்தால் காட்சி மாறிவிடுகிறது. ஒவ்வோர் இலைக்காம்பும் காற்றறைகள் நிரம்பிய தட்டையான ஆப்புபோல விரிந்து, அதன் முனையில் நீண்ட முட்கள் சில நீட்டிக்கொண்டிருக்க, அந்த முட்களின் நடுவே அரை சென்டிமீட்டர்கூட இல்லாத, கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் இரண்டு மடல்கள் சிப்பியைப் போலத் திறந்திருக்கின்றன. நான் பார்த்த செடியில் மூடிக்கிடந்த ஒரு மடலுக்குள் ஒரு நீர்த்தெள்ளுப்பூச்சியின் கரிய கண் மட்டும் புள்ளியாகத் தெரிந்தது.

ஆம், இது பூச்சியுண்ணும் செடி. மடல்களின் உட்புறத்தில் நாற்பது அளவில் உணர்முடிகள் இருக்கின்றன. நீர்த்தெள்ளுப்பூச்சியோ கொசுப்புழுவோ அவற்றைத் தொட்டவுடன் இரு மடல்களும் மூடிக்கொள்கின்றன. வெதுவெதுப்பான நீரில் அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியின் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். இதன் மிக நெருங்கிய உறவான வீனஸ் பூச்சிப்பொறிச் செடி இதே வேலையை நிலத்தில், இதைவிட மெதுவாகச் செய்கிறது. தரைச்செடிகள் மண்ணிலிருந்து பெறும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் இது விலங்கின் உடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சத்து அரிதாக இருக்கும் நீரில், மற்ற செடிகள் தழைக்க முடியாத இடத்தில் பிழைப்பதற்காக உருவான ஏற்பாடு இது. அதன் பாதுகாப்பு நிலை பற்றிய முழு விவரமும் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது. சற்றுப் பிறகு அதற்கு வருகிறேன்.

வளரும் முறையும் தனித்தன்மை உடையது. தண்டின் முன்முனை தொடர்ந்து வளர, பின்முனை அதே வேகத்தில் அழுகி உதிர்வதால், செடி நகர்ந்துகொண்டே இருந்தாலும் அதன் நீளம் ஏறத்தாழ மாறுவதில்லை. கோடையில், நல்ல நீரில், நாளொன்றுக்கு ஓர் இலை வட்டம்கூடப் புதிதாக உருவாகும். பக்கக்கிளைகள் பிரிந்து தனிச்செடிகளாகும். குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்தில் வளர்முனை சுருண்டு, சில மில்லிமீட்டர் அளவே உள்ள கெட்டியான குளிர்கால மொட்டாகி, குளத்தின் அடியில் அமிழ்ந்து உறங்கி, இளவேனிலில் மேலெழுகிறது. அமிழ்பவை எல்லாம் எழுவதில்லை. நீருக்குச் சற்று மேலே தலைநீட்டும் வெண்ணிறப் பூ ஒரே நாளில், சில மணி நேரமே விரிந்திருக்கும். குளிர்ப்பகுதிகளில் பல சமயம் விரியாமலேயே போகும். விதை பிடிப்பது இன்னும் அரிது. ஆகவே ஒரு குளத்தில் மிதக்கும் ஆயிரக்கணக்கான செடிகள் அனைத்தும் ஒரே தாய்ச்செடியின் துண்டுகளாக இருக்கக்கூடும். எண்ணிக்கை பெரிதாகத் தெரியும். உயிர்க்காப்புக்கு அது தரும் உறுதி சிறிது.

இந்தச் செடியின் எழுத்து வரலாறு இந்தியாவிலிருந்துதான் தொடங்குகிறது. 1696 இல் ஆங்கிலத் தாவரவியலாளர் லியோனார்ட் ப்ளூக்நெட் இந்தியாவிலிருந்து சென்ற மாதிரியை வைத்து இதை ஒரு சதுப்புநிலச் செடியாகப் பதிவு செய்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, இத்தாலியின் பொலோனா நகரத்தை அடுத்த சதுப்பில் கிடைத்த செடியை கயெட்டானோ மோன்டி ஆராய்ந்து, அந்நகரின் இயற்கையியலாளர் உலிசே ஆல்ட்ரோவாண்டியின் நினைவாக 1747 இல் பெயர் சூட்டினார். 1753 இல் லின்னேயஸ் அதைத் தாவரங்களுக்குப் பெயரிடும் தன் முறைக்குள் கொண்டுவந்தார். கொல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த ராக்ஸ்பரோ வங்காளத்துச் செடியை வேறோர் இனப்பெயரிட்டு விவரித்தார். 1875 இல் பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றி எழுதிய டார்வின், ஜெர்மனியிலிருந்து வந்த செடிகளோடு கொல்கத்தாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கிடைத்த மாதிரிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இதன் புதைபடிவ உறவினர்கள் பலர். இப்பேரினத்தில் பல இனங்கள் விதைகளாகவும் மகரந்தங்களாகவும் பாறைகளில் மட்டும் எஞ்சியிருக்க, உயிரோடு இருப்பது இந்த ஓர் இனம்தான்.

இனி எண்கள். வரலாற்றுப் பதிவுகளின்படி நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 380 இடங்களில் இச்செடி இருந்திருக்கிறது. ஐ.யு.சி.என். மதிப்பீட்டின் காலத்தில் உறுதிசெய்யப்பட்ட இயல்வாழிடங்கள் சுமார் 50. அவற்றிலும் பெரும்பகுதி போலந்து, உக்ரைன் நாடுகளை ஒட்டிய பொலேசியா என்ற சதுப்பு நிலப்பரப்பிலேயே குவிந்திருக்கிறது. இத்தாலி, பிரான்ஸ், ஆஸ்திரியா முதலிய நாடுகளில் இயல்பான செடிகள் அற்றுவிட்டன. பெயர் பிறந்த பொலோனா சதுப்பும் இதில் அடக்கம்.

செம்பட்டியல் இதை எப்படி அளக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் தொடக்கத்தில் சொன்ன முரண் தீர்ந்துவிடும். பரப்பை அளக்க ஐ.யு.சி.என். இரண்டு அளவுகளைக் கையாள்கிறது. இனம் காணப்படும் கடைக்கோடி இடங்களை எல்லாம் இணைத்துக் கோடு இழுத்தால் உள்ளே அகப்படும் மொத்த நிலம் ஒன்று. அந்த எல்லைக்குள் அது மெய்யாகவே குடியிருக்கும் இடம் மற்றொன்று. முதல் அளவில் நீர்ச்சக்கரச் செடிக்குக் கண்டங்களே சொந்தம். இரண்டாவதை அளக்க, நிலப்பரப்பை இரண்டு கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து, செடி இருக்கும் கட்டங்களை மட்டும் எண்ணுகிறார்கள். அதாவது, ஒரு குட்டையின் மூலையில் பத்தடி இடத்தில் செடி மிதந்தாலும் அது நான்கு சதுர கிலோமீட்டராகக் கணக்கில் ஏறும். அவ்வளவு தாராளமாக எண்ணியும், 50 இடங்களுக்கு வருவது ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர்தான். 500 சதுர கிலோமீட்டருக்குக் கீழே இருந்து, வாழிடங்கள் சிதறுண்டும் தொடர்ந்து குறைந்தும் வந்தால் அந்த இனம் ‘அருகியது’ என்பது விதி. செடி தண்ணீரில் உண்மையாகப் பிடித்திருக்கும் இடத்தை முழம்போட்டு அளந்தால், அந்த 200 சதுர கிலோமீட்டரில் மிகச் சிறிய பங்குகூடத் தேறாது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். என் கருத்தில், இந்த மதிப்பீடு மிகைப்படுத்தியதன்று. உள்ளதைவிடச் சற்று மென்மையாகச் சொல்வது என்றே படுகிறது.

சரி, 330 இடங்களில் என்ன நடந்தது? வடிகால் வெட்டி, சதுப்புகளை வயலாகவும் மனைகளாகவும் மாற்றியது முதற்காரணம். இது எல்லோரும் அறிந்தது, கண்ணுக்கும் தெரிவது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது இரண்டாவது காரணம்: குளம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, தண்ணீரும் வற்றவில்லை, பறவைகளும் வருகின்றன, ஆனாலும் செடி மட்டும் இல்லாமல் போகிறது.

வயலில் இட்ட உரம் மழையோடு வடிந்து குளத்தில் சேரும்போது நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கூடுகின்றன. சத்து கூடினால் செடிக்கு நல்லதுதானே என்று தோன்றும். இந்தச் செடியைப் பொறுத்தவரை விளைவு நேரெதிர். சத்தற்ற நீரில் பூச்சி பிடித்துப் பிழைக்கத் தெரிந்ததுதான் அதற்கு இருந்த ஒரே அனுகூலம். எல்லோருக்கும் சத்து கிடைக்கத் தொடங்கியதும் இழைப்பாசி பெருகி, செடியின் இலை வட்டங்களுக்குள் பின்னிப் படர்ந்து, வெளிச்சத்தை மறைத்து, நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. நீர்ச்சக்கரச் செடிக்கு அந்த வாயு நிறைய வேண்டும். கோரையும் நாணலும் மக்கி மக்கித் தேநீர் நிறத்தில் இருக்கும் ஆழமற்ற நீரில்தான் அது போதிய அளவில் கிடைக்கும். பாசி மூடிய செடியில் பொறிகள் சிறுத்து, பக்கக்கிளைகள் நின்றுபோய், சில பருவங்களுக்குள் செடியே இல்லாமல் போய்விடும். இடையில் யாரும் எதையும் வெட்டவில்லை, பிடுங்கவில்லை. மேட்டில் யாரோ ஒருவர் தம் பயிருக்கு உரம் போட்டார், அவ்வளவுதான்.

நாணலின் பங்கும் இருமுனைக் கத்தி போன்றது. நாணலும் சம்பும் இல்லாவிட்டால் காற்றலையும் மக்கும் சருகு இல்லாமையும் இச்செடியைக் கெடுக்கும். அவை மிகுந்துபோனால் நிழல் கவிந்து கொன்றுவிடும். கூரை வேயவும் மாட்டுக்குப் பரப்பவும் நாணலை அறுக்கும் பழக்கம் கிராமங்களில் இருந்தவரை இந்தச் சமநிலை தானாகவே காக்கப்பட்டது. அறுப்பது நின்ற இடங்களில் கரையோர இடைவெளிகள் மூடிக்கொள்கின்றன. ஆள் நுழையாதபடி வேலி போட்டுவிட்டால் ஈரநிலம் காப்பாற்றப்பட்டுவிடும் என்ற எண்ணத்தை இந்தச் செடி ஏற்பதில்லை.

ஜப்பானின் கதை இதில் தனியாகச் சொல்லத்தக்கது. 1890 இல் தோக்கியோவை அடுத்த கொய்வா பகுதியில் புகழ்பெற்ற தாவரவியலாளர் மக்கினோ தொமித்தாரோ இச்செடியைக் கண்டறிந்து, அதன் விரிந்த பூவை நுட்பமாக வரைந்தார். பூவைக் காண்பது அரிதாக இருந்த ஐரோப்பாவில் அந்த ஓவியம் அவருக்குப் பெரும் மதிப்பைப் பெற்றுத் தந்தது. பிறகு அந்நாட்டின் சமவெளிக் குளங்கள் ஒவ்வொன்றாக மாறி, சைத்தாமா மாநிலத்தின் ஹன்யூ நகரில் உள்ள ஹோசோஜி குளம் நாட்டின் கடைசி இயல்வாழிடமாகக் கருதப்பட்ட நிலை வந்தது. 1966 இல் அந்தக் குளம் தேசிய இயற்கை நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் வெள்ளம் வந்து செடிகளை அடித்துக்கொண்டு போனது. சுற்றியிருந்த வயல்களின் உரமும் மருந்தும் கலந்த நீரில் அவை மீளவில்லை. ஊர்மக்கள் வீட்டுத் தொட்டிகளில் வளர்த்து வைத்திருந்ததால்தான் அந்தச் செடியின் மரபுவழி இன்றும் இருக்கிறது. குளத்தில் அதை மறுபடியும் நிலைநிறுத்தும் வேலை பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. சட்டப் பாதுகாப்பு கிடைத்த ஆண்டும் செடி போன ஆண்டும் ஒன்றாக அமைந்ததை வெறும் விதியின் கொடுமை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி ஒரு குளத்தில் மட்டும் மிஞ்சும்வரை காத்திருந்துவிட்டு அறிவிப்புப் பலகை நட்டால், ஒரு புயல்மழை போதும்.

கொல்கத்தாவை எண்ணும்போதும் மனம் இதே இடத்தில்தான் நிற்கிறது. நகரத்துக்குக் கிழக்கே பரந்து கிடந்த உப்பு ஏரிப் பகுதியின் ஒரு பங்கு 1960 களில் ஹூக்ளி ஆற்று வண்டலால் நிரப்பப்பட்டு, இன்றைய பிதான்நகர் ஆனது. எஞ்சிய 125 சதுர கிலோமீட்டர் அளவுள்ள கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் 2002 இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. நகரத்துக் கழிவுநீரை வாங்கி, வெயிலாலும் நுண்பாசியாலும் தூய்மையாக்கி, அதில் மீன் வளர்க்கும் அந்த ‘பேரி’ குளங்களை நான் பெரிதும் மதிக்கிறேன். நகரத்தின் சிறுநீரகங்கள் என்று அவற்றைச் சொல்வது முற்றிலும் தகும். இருந்தாலும் அவை சத்து நிறைந்த, பாசி பெருக்கி மீன் வளர்க்கும் குளங்கள். நீர்ச்சக்கரச் செடி கேட்கும் தெளிந்த, சத்துக் குறைந்த, கோரைச் சருகு ஊறிய நீர் அங்கே இருக்க வழியில்லை. ஒரே ஈரநிலம் மீனுக்கும் நீர்க்கோழிக்கும் புகலிடமாகவும் இச்செடிக்கு வாழ முடியாத இடமாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். ஈரநிலம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனையோ வகை நீர் அடங்கியிருக்கிறது என்பதை நம் பாதுகாப்புத் திட்டங்கள் இன்னும் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை என்பது என் வருத்தம்.

சட்டம் உதவவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிட நெறிமுறை இச்செடியைத் தன் இரண்டாம், நான்காம் இணைப்புகள் இரண்டிலும் சேர்த்திருக்கிறது. ஐரோப்பியக் காட்டுயிர்களுக்கான பெர்ன் உடன்படிக்கையும் இதைக் காக்கப்பட வேண்டிய தாவரங்களில் வைத்திருக்கிறது. இரண்டாம் இணைப்பில் இருக்கும் இனத்துக்காக உறுப்பு நாடுகள் தனி வாழிடங்களை ஒதுக்க வேண்டும். நான்காம் இணைப்பில் இருப்பதைப் பறிக்கவோ விற்கவோ கூடாது. ஒரு செடியின் பெயரைச் சொல்லி ஒரு குளத்தைக் காக்க முடிகிறது என்பதே பெரிய செய்தி. ஆனால் குளத்துக்கு நீர் தரும் மேட்டு நிலங்கள் பலருடைய பட்டா நிலங்களாக இருக்கும்போது, குளத்தின் கரையோடு நின்றுவிடும் எல்லைக்கோடு பாதி வேலையைத்தான் செய்கிறது.

மீள்நடவு முயற்சிகளில் செக் குடியரசின் அனுபவம் கவனத்துக்குரியது. அங்கு இயல்பான செடிகள் அற்றுப்போன பின், த்ரெபோன் பகுதி ஆய்வாளர்கள் 1990 களில் போலந்துச் செடிகளைக் கொண்டுவந்து, தேர்ந்தெடுத்த சதுப்புகளில் விட்டார்கள். விடுவதற்கு முன் நீரின் அமிலத்தன்மை, கரியமில வாயுவின் அளவு, ஆழம், கோரையின் அடர்த்தி என்று ஒவ்வொன்றையும் அளந்தார்கள். சில இடங்களில் செடி நிலைத்தது, சிலவற்றில் மறைந்தது. ஏன் மறைந்தது என்பதைப் பதிவு செய்ததால்தான் இச்செடிக்கு எந்த நீர் வேண்டும் என்பது பற்றி இன்று நமக்கு இவ்வளவு தெரிகிறது. வேற்றுநாட்டுச் செடியைக் கொண்டுவருவதால் உள்ளூர் மரபுவழி கலந்துவிடாதா என்ற கேள்வி நியாயமானதே. இச்செடியின் மரபணு வேறுபாடு கண்டங்களுக்கு இடையிலும்கூட மிகக் குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருப்பதாலும், நீர்ப்பறவைகளின் காலிலும் இறகிலும் ஒட்டிக்கொண்டு அது எப்போதுமே ஊர்விட்டு ஊர் சென்றிருக்கிறது என்பதாலும், உள்ளூர்ச் செடி முற்றாக அற்றுப்போன இடத்தில் இந்த முயற்சி தகும் என்றே கருதுகிறேன். உள்ளூர்ச் செடி ஒன்றேனும் எஞ்சியிருக்கும் இடத்தில் ஒருபோதும் கூடாது.

அமெரிக்க விவகாரம் இதைவிடச் சிக்கலானது. வட அமெரிக்காவில் இச்செடி இயல்பாக இருந்ததே இல்லை. பூச்சியுண்ணும் செடிகளை வளர்க்கும் ஆர்வலர்கள் சிலர் விட்டதன் விளைவாக நியூ ஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா மாநிலங்களின் சில குளங்களில் இன்று அது செழித்து வளர்கிறது; சில இடங்களில் ஐரோப்பாவின் பல குளங்களைவிட நன்றாகவே. சொந்த மண்ணில் அருகிவரும் ஒன்று வந்த மண்ணில் பெருகுவதைக் கண்டு மகிழ்வதா, அயல் இனம் பரவுவதைக் கண்டு அஞ்சுவதா என்ற விவாதம் அங்கே நடக்கிறது. அந்தக் குளங்களைக் காட்டி ‘செடி பிழைத்துவிட்டது’ என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. செம்பட்டியல் விதிகளும் இயல்பெல்லைக்குள் உள்ள செடிகளையும், பாதுகாப்புக்கென்றே திட்டமிட்டுத் தகுந்த இடத்தில் வைத்தவற்றையும்தான் கணக்கில் எடுக்கின்றன. ஆர்வத்தால் குளத்தில் விட்டவற்றை எடுப்பதில்லை. அந்த விதி சரியானது. வர்ஜீனியாவில் எத்தனை லட்சம் செடிகள் மிதந்தாலும் பொலேசியாவின் ஒரு குளம் கெட்டதற்கு அது ஈடாகாது. ஆனால் அவற்றைப் பிடுங்கி எறியச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. எந்த நீரில் செழிக்கிறது என்பதைப் படித்துக்கொள்ள அங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது.

தமிழ்நாட்டுக் குளங்களைச் சுற்றித் திரிபவர்களுக்கு இதன் உறவினர்கள் புதியவர்கள் அல்லர். மழைக்குப் பின் ஈரம் காயாத மணற்பாங்கான தரையில் சிவந்த ரோமங்களின் நுனியில் பசைத்துளி மின்ன நிற்கும் அழுகண்ணி, இதே குடும்பத்தைச் சேர்ந்தது. குடும்பம் வேறென்றாலும் அதே தொழிலைச் செய்யும் பைப்பொறிச் செடிகளான உட்ரிகுலாரியா இனங்கள் நம் ஏரிகளில் மஞ்சள் பூவோடு மிதக்கின்றன. இவையும் சத்துக் குறைந்த நீரையும் மண்ணையும் நம்பி இருப்பவைதான். ஆகாயத்தாமரை மூடிய ஏரியிலும், சாக்கடை கலந்த கண்மாயிலும் நான் இவற்றைக் கண்டதில்லை. வயல் வடிகால் கலக்காத, அல்லியும் கோரையும் உள்ள மானாவாரிக் குட்டைகளில்தான் கண்டிருக்கிறேன். ராம்சர் பட்டியலிலோ வேறு எந்தப் பட்டியலிலோ அந்தக் குட்டைகளுக்கு இடமில்லை. பல ஊர்களில் அவை ‘புறம்போக்கு’ என்ற பெயரில், அடுத்த பேருந்து நிலையத்துக்கோ குப்பைக்கிடங்குக்கோ காத்துக் கிடக்கின்றன.

கிழக்கு இந்தியாவில், குறிப்பாக வங்காளத்திலும் வடகிழக்கு மாநிலங்களிலும், வேலை நிமித்தம் வாழும் தமிழ் நண்பர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கோரை சூழ்ந்த, தெளிந்த, முழங்காலுக்கு மேல் ஆழமில்லாத நீர்நிலையைக் கண்டால் சற்றுக் குனிந்து பாருங்கள். வட்ட வட்டமாக இலை அடுக்கிய செடிகள் வேறும் உண்டு. வேலம்பாசிக்கும் இலை வட்டம் உண்டு, ஆனால் அது அடியில் வேர்விட்டிருக்கும், இலை வெறும் தகடாக இருக்கும். செரட்டோஃபில்லம் வேரில்லாமல் மிதக்கும், அதன் இலை கவைகவையாகப் பிரிந்து சொரசொரப்பாக இருக்கும். உட்ரிகுலாரியாவின் பைகள் நூலிழைபோன்ற இலைகளின் இடையே முத்துமுத்தாகத் தொங்கும். நீர்ச்சக்கரச் செடியில் மட்டும், தட்டையான ஒவ்வொரு காம்பின் முனையிலும் முட்கள் சூழ்ந்த ஒற்றைச் சிப்பிப் பொறி இருக்கும். கண்டால் தண்ணீரிலிருந்து எடுக்காதீர்கள். நீருக்குள்ளேயே வைத்துப் படம் எடுத்து, நாளையும் நீரின் நிறத்தையும் சுற்றியிருந்த செடிகளையும் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்கோ இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் கிளைக்கோ தெரிவியுங்கள். இடத்தின் பெயரைச் சமூக ஊடகத்தில் போட வேண்டாம். சேகரிப்பாளர்கள் அதைத் தேடி வருவார்கள்.